'சர்க்கரை குறைப்பான்': எதைக் குறைக்கிறது?

சேலத்துப் பக்கம் எந்த மருத்துவ முகாமுக்குப் போனாலும் கையில் ஒரு துண்டறிக்கை திணிக்கிறார்கள். நீரிழிவு மாத்திரை அத்தனைக்கும் அதில் ஒரே பெயர்: 'சர்க்கரை குறைப்பான்'. மெட்ஃபார்மினும் அதுதான், கிளிமிபிரைடும் அதுதான், டாபாகிளிஃப்ளோசினும் அதுதான். இந்த மாத்திரைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஹைப்போகிளைசீமிக் என்ற சொல்லை அகராதியை வைத்துக் கூறுபோட்டதால் வந்த வினை.

கிரேக்கத்தில் ஹைப்போ கீழே, கிளைகிஸ் இனிப்பு, ஹைமா இரத்தம். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஹைப்போகிளைசீமியா. 1942-இல் பிரான்சின் மோன்பெலியேவில் டைஃபாய்டுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சல்ஃபா மருந்து நோயாளிகளின் சர்க்கரையை இப்படித்தான் கவிழ்த்தது. அந்த வழியில் வந்த சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளுக்குப் பெயர் பொருத்தம். பிறகு வந்தவற்றுக்கும் அதையே ஒட்டியதுதான் கோளாறு.

சல்ஃபோனைல்யூரியா வகையான கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினை வெளியே விட வைக்கிறது. இரத்தத்தில் அப்போது சர்க்கரை எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, இட்லியைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு ஏற்காட்டுத் தோட்டத்துக்குக் காபிப்பழம் பறிக்கப் போகிறவருக்குப் பதினொரு மணிக்குக் கை நடுங்கி வேர்த்துக் கொட்டுவது இதனால்தான். மாத்திரையும் இட்லியும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். இதைச் 'சர்க்கரை இறக்கி' என்பேன். "சுகர் இறங்கிடுச்சு" என்றுதானே சனங்கள் சொல்கிறார்கள்? எச்சரிக்கை பெயரிலேயே வந்துவிடும்.

மெட்ஃபார்மின் அப்படியில்லை. கல்லீரல் தன்பாட்டுக்குச் சர்க்கரை தயாரித்து இரத்தத்தில் விடுவதை அது மட்டுப்படுத்துகிறது. அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அபூர்வம். ஆனால் 'குறைப்பான்' என்று படித்தவர் "ரொம்பக் குறைஞ்சிடுமோ" என்று ஒரு வேளை மாத்திரையை விட்டுவிடுகிறார். கவனிக்க வேண்டியதோ வேறு: வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றுப்போக்கு, வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறைவு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் அளவு 30-க்குக் கீழே போனால் மருந்தையே நிறுத்த வேண்டும்.

வோக்லிபோஸ், அகார்போஸ் இன்னும் வேடிக்கை. ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இவை தொடுவதே இல்லை. ஜவ்வரிசியும் மரவள்ளிக்கிழங்கும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். அதனால் முதல் வாய்ச் சோற்றோடு போட வேண்டும், சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு போட்டால் வீண். கூடவே கிளிமிபிரைடும் எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கிப்போனால், வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாலும் சட்டென்று ஏறாது. அதை உடைக்கும் நொதியைத்தான் மாத்திரை பிடித்து வைத்திருக்கிறதே! குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்: 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. 'செரிமானத் தாமதி' என்று எழுதியிருந்தால் பாதி விளங்கியிருக்கும்.

டாபாகிளிஃப்ளோசினைச் 'சர்க்கரைத் தடுப்பான்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப உள்ளே இழுப்பதைத்தான் அது தடுக்கிறது. சர்க்கரை தாராளமாகச் சிறுநீரில் போகிறது. 'சர்க்கரை போக்கி' என்று சொன்னால், சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை ஏகமாகக் காட்டினாலும் பதற மாட்டார்கள், பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் காரணமும் பிடிபடும். அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள். எல்லாமே 'குறைப்பான்' என்றால் எதை நிறுத்துவது?

சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று பேர் வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். இலையை மென்றுவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் மண்ணைத் தின்ற மாதிரி இருக்கும். நாக்கில் இனிப்புச் சுவை செத்துப்போகிறது. வேலை எங்கே நடக்கிறதோ அதைப் பார்த்து வைத்த பெயர். நம் மொழிபெயர்ப்பாளர்கள் மருந்தைப் பார்ப்பதில்லை, பக்கத்து அகராதியைப் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கொல்லி என்ற பெயரையும் இப்போது மாத்திரை விளம்பரத்தில் இழுத்துவிட்டாயிற்று.

அத்தனைக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமென்றால் 'நீரிழிவு மாத்திரை' இருக்கிறது, கடைவீதியில் 'சுகர் மாத்திரை' இருக்கிறது. இரண்டும் செய்யாத வேலையைச் செய்வதாகச் சொல்லவில்லை.