பிள்ளையின் மதிப்பீட்டில் வெளிப்படும் அப்பாக்கள்

கற்றல் குறைபாடு பள்ளிப் பிள்ளைகளின் பிரச்சினை என்றே பலரும் நினைக்கிறார்கள். பள்ளி முடிந்தாலும் அது கூடவே வரும். பெரியவர்களானதும் அதை மறைக்கும் சாமர்த்தியம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்கள் தங்களுக்கென்று என்னிடம் வருவது குறைவு. பிள்ளையை மதிப்பீட்டுக்கு அழைத்து வருவார்கள். படிவத்தை நீட்டினால், "கண்ணாடி எடுத்துட்டு வரலை, வீட்டுல நிரப்பிக் கொண்டாறேன்" என்பார் அப்பா. பிள்ளைக்கு இருப்பது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு என்று விளக்கும்போது, "எனக்கும் இப்படித்தான் சார்" என்று குரல் இறங்கும். குடும்ப வழியில் வரக்கூடியது என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வரும். அறிக்கை எழுத வேண்டியிருக்குமே என்று பதவி உயர்வை மறுத்தது, கூட்டத்தில் "இதைக் கொஞ்சம் வாசிங்க" என்றதும் வெளியே நழுவியது. டிஸ்கால்குலியா, அதாவது எண்களிலும் கணக்கிலும் வரும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கோ மீதிச் சில்லறையும், எத்தனை மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரலாம் என்ற கணக்கும் தினசரித் தலைவலி. சோம்பேறி, அக்கறையில்லாதவர் என்ற பட்டங்களைக் கேட்டுக் கேட்டு அவர்களே அதை நம்பியும்விடுகிறார்கள். பதற்றமும் மனச்சோர்வும் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இது அறிவுக் குறைவு அல்ல. கண் கோளாறும் அல்ல. டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் எழுத்தை ஒலியோடு இணைப்பதில்தான் சிக்கல். பழகிய சொற்களை ஓரளவு சரளமாகப் படிப்பவர்கூட, புதிய மருந்துப் பெயர் ஒன்று வந்தால் திணறுவார். சோதனையில் அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது.

பெரியவர்களும் மதிப்பீடு செய்துகொள்ளலாம். பழைய மதிப்பெண் அட்டை, ஆசிரியர் எழுதிய குறிப்பு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு, 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சோதனைக்குப் பதிலாக இத்தகைய ஆவணங்களையே ஏற்கலாம் என்கிறது. சோதனையும் செய்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி; எந்த இடத்தில் உதவி தேவை என்று அதில்தான் தெளிவாகத் தெரியும். கூடவே ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகைத் துறுதுறுப்பு) இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அதற்கு மருந்து உண்டு, கற்றல் குறைபாட்டுக்குக் கிடையாது.

மற்றபடி கைபேசியே பாதி வேலையைச் செய்யும். நீளமான மின்னஞ்சலை வாசிக்கவிட்டுக் கேளுங்கள், பதிலைப் பேசியே தட்டச்சு செய்யுங்கள். அலுவலகத்தில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். குறைபாட்டின் பெயரை எடுக்காமலே, "கூட்டத்துக்கான தாள்களை முந்தின நாளே அனுப்பிடுங்க" என்று கேட்கலாம்.