தேடினால் எந்தப் பக்கம் முதலில் வரும்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர் எல்லையில் உள்ள கல்வட்டங்கள் பற்றி நான் எழுதிய கட்டுரையை வேறொரு தளம் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டது. கூகுளில் தேடினால் அவர்களுடையதுதான் முதலில் வருகிறது. இது என்ன நியாயம்?”

நியாயம் இல்லைதான். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தேடிப் போனால், எனக்குத் தெரிந்த கணக்குகளிலேயே மிக அழகான ஒன்றைப் பார்க்கலாம்.

முன்கதை பலருக்கும் தெரிந்ததே. 1989-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான (www) திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. மொசைக் உலாவியும் அதே ஆண்டில் வந்தது. 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் நல்ல தளங்களைப் பட்டியல் போடத் தொடங்கினார்கள். அதுவே யாஹூ ஆனது. மனிதர்கள் கையால் வகைபிரித்த பட்டியல் அது. பக்கங்கள் பெருகப் பெருக அது ஈடுகொடுக்கவில்லை. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா, பக்கங்களைத் தானே படித்துச் சொற்களை அட்டவணையிட்டது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒரு சொல்லுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் கிடைத்தால் எதை முதலில் காட்டுவது? அந்தச் சொல் அதிகமுறை வரும் பக்கத்தையா? அப்படியென்றால் ஒரே சொல்லை நூறுமுறை எழுதிவைத்தவர் ஜெயித்துவிடுவார். அப்படித்தான் பலரும் செய்தார்கள். 1997 நவம்பரில், முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில் தன் பெயரைக் கொடுத்துத் தேடினால் முதல் பத்து முடிவுகளுக்குள் தன்னையே கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். இதைத் தங்கள் 1998 ஆய்வுக் கட்டுரையில் பதிவு செய்தவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரினும்; ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான இவர்கள்தான் கூகுளைத் தொடங்கியவர்கள்.

பேஜின் யோசனை ஆய்வுலகில் ஏற்கெனவே பழகியிருந்த ஒன்றுதான். ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்களோ அவ்வளவு மதிப்பு. வலையில் மேற்கோளுக்குப் பதில் இணைப்பு. ஆனால் வெறும் எண்ணிக்கை போதாது; யாரும் சீந்தாத நூறு பக்கங்கள் தரும் இணைப்பைவிட, ஒரு முக்கியமான பக்கம் தரும் இணைப்பு உயர்ந்தது. அப்படியென்றால் எது முக்கியமான பக்கம்? முக்கியமான பக்கங்கள் எதற்கு இணைப்புத் தருகின்றனவோ அது!

இது சுற்றி வளைத்து ஆரம்பித்த இடத்துக்கே வருகிறதே என்று தோன்றும். அந்தச் சுற்றே விடையைத் தருகிறது என்பதுதான் என்னைப் பரவசப்படுத்தும் விஷயம். தாளும் பேனாவும் எடுத்து நீங்களே செய்து பாருங்கள்.

உலகில் மூன்றே பக்கங்கள்: மழை, ஏரி, வயல். மழைப் பக்கம் மற்ற இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது. ஏரி, வயலுக்கு மட்டும். வயல், மழைக்கு மட்டும். ஆளுக்கு 100 மதிப்பெண் கொடுத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பக்கமும் தன்னிடம் உள்ளதைத் தான் இணைப்புத் தரும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். முதல் சுற்றின் முடிவில் மழைக்கு 100, ஏரிக்கு 50, வயலுக்கு 150. அடுத்த சுற்றில் 150, 50, 100. பிறகு 100, 75, 125. அதன்பின் 125, 50, 125. எண்கள் ஏறி இறங்கி ஆடுகின்றன. ஆனால் ஆட்டம் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் 120, 60, 120 என்று நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை சுற்று போனாலும் மாறாது.

இப்போது மழையையும் ஏரியையும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வருவது ஒரே ஒரு இணைப்புதான். ஆனாலும் மழைக்கு இரண்டு மடங்கு மதிப்பு. ஏனென்றால் செல்வாக்குள்ள வயல் தன் மொத்த மதிப்பையும் மழைக்கே தருகிறது; ஏரிக்குக் கிடைப்பதோ மழையின் பாதிதான். தொடக்கத்தில் முந்நூறையும் மழைக்கே கொடுத்துப் பாருங்கள், முடிவு மாறாது. எங்கிருந்து தொடங்கினாலும் அதே 120, 60, 120. யாரும் நடுவராக உட்கார்ந்து எந்தப் பக்கம் பெரியது என்று சொல்லவில்லை. இணைப்புகளின் அமைப்பே சொல்கிறது.

ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு பக்கங்கள் தங்களுக்குள் மட்டும் இணைப்புக் கொடுத்துக்கொண்டால், உள்ளே போன மதிப்பெண் வெளியே வராது. இதற்குப் பேஜும் பிரினும் ஒரு கற்பனை ஆளைக் கொண்டுவந்தார்கள். அவர் கண்ணில் பட்ட இணைப்பை எல்லாம் சொடுக்கிக்கொண்டே போகிறார்; ஆனால் நூற்றுக்கு 15 முறை சலிப்புற்று, தொடர்பே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுகிறார். அத்தகைய எந்தச் சுழலிலும் அவர் நெடுநேரம் சிக்கமாட்டார். நீண்டகாலத்தில் அவர் ஒரு பக்கத்தில் இருப்பதற்கான நிகழ்தகவுதான் அந்தப் பக்கத்தின் பேஜ்ரேங்க். இந்தத் தாவல் இன்னொரு நன்மையும் செய்கிறது: ஒவ்வொரு சுற்றிலும் பிழை, அதாவது இறுதி விடையிலிருந்து உள்ள விலகல், முந்தையதில் 0.85 மடங்காகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்குகிறது. ஐம்பது சுற்றில் அது பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் கீழே போய்விடும். அதனால்தான் 2.6 கோடி பக்கங்களுக்கான கணக்கை ஒரு நடுத்தரக் கணினியில் சில மணி நேரத்தில் அவர்களால் முடிக்க முடிந்தது.

இந்தக் கணிதம் ரஷ்யர் ஆந்திரேய் மார்க்கோவ் 1906-ல் தொடங்கியது. அதன் பின்னணியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சமூகப் புள்ளிவிவரங்களில் ஒழுங்கு தென்படுவதே மனிதருக்குச் சுயவிருப்பம் உண்டு என்பதற்குச் சான்று என நெக்ரசோவ் என்ற கணிதவியலாளர் வாதிட்டார். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளில்தான் அத்தகைய ஒழுங்கு வரும் என்பது அவர் கருத்து. இறையியலைக் கணிதத்துக்குள் நுழைப்பதை மார்க்கோவ் ஏற்கவில்லை. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளின் சங்கிலியிலும் அதே ஒழுங்கு வரும் என்று நிறுவிக்காட்டினார். அவர் உருவாக்கிய அந்தச் சங்கிலிதான் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வலையை வரிசைப்படுத்தியது.

1906-ல் யாராவது “இதனால் என்ன பயன்?” என்று கேட்டிருந்தால் மார்க்கோவிடம் பதில் இருந்திருக்காது. ஸ்டான்ஃபோர்டு வேலைக்குப் பின்னால் இருந்ததும் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மின்நூலகத் திட்டம், அதாவது மக்கள் வரிப்பணம். காப்புரிமையை வைத்திருந்த பல்கலைக்கழகம், அதற்கு ஈடாகப் பெற்ற கூகுள் பங்குகளை விற்று 33.6 கோடி டாலர் ஈட்டியது. நம் நாடு ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது மொத்த உற்பத்தியில் 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அந்தச் சொற்பத்துக்கும் உடனடிப் பயன் என்னவென்று எழுதித் தரச் சொல்வது பெரும் தவறு என்றே நினைக்கிறேன்.

வாசகரின் கட்டுரைக்கு வருவோம். இன்று கூகுள் எத்தனையோ அளவுகோல்களைச் சேர்த்துப் பார்க்கிறது. பேஜ்ரேங்க் அவற்றில் ஒன்றுதான். ஆனாலும் எடுத்துப் போட்ட தளத்துக்குப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகள் இருந்திருக்கும், உங்களுக்கு இல்லை. முதலில் எழுதியவர் யார் என்பதை இந்தக் கணக்கு அறியாது. முதலில் வருவது உண்மை என்றும் அது சொல்லவில்லை. தமிழில் எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள்: பிறர் எழுத்தை எடுத்தாளும்போது மூலத்துக்கு இணைப்புக் கொடுங்கள். அது மரியாதை மட்டுமல்ல, மதிப்பெண்ணும்கூட.

இந்தக் கணக்கு வலையோடு நிற்கவில்லை. 2009-ல் ஸ்டெஃபானோ அலெசினா, மெர்சிடிஸ் பாஸ்குவால் என்ற ஆய்வாளர்கள் இதை உணவு வலைக்கு, அதாவது எந்த உயிர் எதை உண்கிறது என்ற பின்னலுக்குப் பொருத்தினார்கள். முக்கியமான உயிரினங்கள் எதை உண்டு வாழ்கின்றனவோ அதுவே முக்கியமான உயிரினம். எது அழிந்தால் மொத்த வலையும் வேகமாகச் சரியும் என்று கண்டறிவது நோக்கம். ஆனால் உணவு ஒரே திசையில் போகிறது: புல்லிலிருந்து மானுக்கு, மானிலிருந்து புலிக்கு. சுற்று மூடாவிட்டால் கணக்கு நிற்காது. வலையில் கற்பனை ஆள் செய்த தாவலை இங்கே பயன்படுத்த முடியாது. ஒரு விலங்கின் உணவு எங்கோ உள்ள தொடர்பற்ற உயிருக்குத் தாவுவதில்லை. அவர்கள் கண்ட தீர்வு இயற்கையில் ஏற்கெனவே இருந்தது. எல்லா உயிர்களிலிருந்தும் கழிவாகவும் சடலமாகவும் மண்ணுக்கு ஒரு இணைப்பு. மண்ணிலிருந்து தாவரங்களுக்கு ஒரு இணைப்பு. சுற்று மூடியது, எண்கள் நிலைகொண்டன.