"நான் உப்பே சேர்க்கிறதில்லை டாக்டர்"

ஆந்திராவில் நகரி, புத்தூர்ப் பக்கம் பி.பி. நோயாளிகளிடம் உப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. இலையில் தனியாக உப்பு வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஆவக்காய், கோங்குரா ஊறுகாய்கள், அப்பளம், கருவாடு இதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. சிறுநீரகத்தின் கணக்கில் எல்லாம் வரும்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். அதோடு வடியும் சோடியத்தை உப்பாகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ! அதில் 99 சதவீதம் திரும்ப இரத்தத்துக்கே போய்விடுகிறது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தின் ஆரம்பக் குழாய்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், மீதியில் பெரும்பகுதி அடுத்து வரும் வளைவில் போய்விடும். கடைசிக் குழாய்களுக்கு வந்து சேரும் கொஞ்சத்தில் எவ்வளவை வைத்துக்கொள்வது, எவ்வளவை விடுவது என்பதில்தான் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கை வைக்கிறது. அந்தக் கொஞ்சம் கூடினாலே பி.பி. ஏறும்.

ஆல்டோஸ்டிரோனைத் தூண்டிவிடுவதும் சிறுநீரகம்தான். தனக்கு வரும் இரத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். ரெனினால் ஆஞ்சியோடென்சின் உருவாகும். அதனால் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஆல்டோஸ்டிரோன் சுரந்து உப்பு உடம்பில் தங்கும், கூடவே தண்ணீரும் தங்கும். அழுத்தம் ஏறினால் நல்ல சிறுநீரகம் கூடுதல் உப்பைச் சிறுநீரில் தள்ளி அதைச் சரிசெய்துவிடும். வயதாலோ சர்க்கரையாலோ தளர்ந்த சிறுநீரகத்துக்கு அதே உப்பைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டியிருக்கிறது. நம் மெஷினில் 160 என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏகாம்பரகுப்பம் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவருக்கு மூன்று மாத்திரை கொடுத்தும் பி.பி. இறங்கவில்லை. "தறி ஷெட்டுல வேர்த்து ஊத்துது டாக்டர், உப்பு இருந்தாத்தானே தெம்பு?" என்றார். வெக்கைக்குப் பழகிய உடம்பு வேர்வையில் உப்பை அதிகம் விடாது. அங்கேயும் ஆல்டோஸ்டிரோன்தான் பிடித்து வைக்கிறது. சரி, 24 மணி நேரச் சிறுநீரைப் பார்த்துவிடுவோம் என்றேன். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அப்புறம் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் ஒரே கேனில் பிடிக்க வேண்டும். (கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரக் கூச்சமாக இருந்தால் துணிப்பையில் போட்டு எடுத்து வாருங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.) சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி இந்தக் கேனுக்குத்தான் வரும். வாயால் கேட்டு எழுதும் கணக்கைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

ரிசல்ட்: சோடியம் 190 மில்லிமோல். அதாவது சுமார் 11 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவிதான் உடைத்துச் சொன்னார்: "மோர் சோத்துக்கு ரெண்டு துண்டு ஆவக்காய், ராத்திரிக்குக் கருவாட்டுக் குழம்பு. நான் சாம்பார்ல உப்பைக் குறைச்சு என்ன பிரயோஜனம் சார்?"

இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக்கும் அவர் பையில் இருந்தது. இந்த வகை வலி மாத்திரைகள் உப்பை உடம்பில் தங்க வைக்கும், பி.பி. மாத்திரையின் வேலையைக் குறைக்கும். சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையே திடீரென்று படுக்க வைத்துவிடலாம். என்னைக் கேட்டால் ஊறுகாயைவிட எனக்கு இதுதான் பயம்.

உப்பை மாற்றிவிட்டேன் என்று இந்துப்பு பாக்கெட்டைக் காட்டுபவர்களும் உண்டு. அதுவும் சோடியம் குளோரைடுதான். 'லோ சோடியம்' உப்பு வேறு விஷயம்; அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களும், டெல்மிசார்டான், எனாலபிரில் போன்ற பி.பி. மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அந்த மாத்திரைகளைப் பற்றியே ஒரு வதந்தி உண்டு, கிட்னியைக் கெடுக்கும் என்று. அவை ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுப்பவை. சிறுநீரில் புரதம் ஒழுகும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே கொடுக்கிறோம். ஆரம்பித்த பிறகு கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் அளப்பது) லேசாக ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் கழித்து வீங்கிய காலோடு வருகிறார்கள். தொடங்கிய இரண்டு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பரிசோதித்து, ரிப்போர்ட்டை மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடமே காட்டுங்கள்.