‘பண்ணிடலாம்’ என்று சொன்னது யார்?

“பண்ணிடுறேன்.” “பண்ணிடுறோம்.” “பண்ணிடலாம்.”

சென்னையிலோ கோவையிலோ ஒரு மென்பொருள் குழுவின் காலைக் கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் இந்த மூன்றும் காதில் விழும். முதலாவதில் பொறுப்பேற்ற ஆள் இருக்கிறார். இரண்டாவதில் ஏதோ ஒரு குழு இருக்கிறது. மூன்றாவதில் யாருமே இல்லை. எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைவார்கள். இரண்டு வாரம் கழித்து, “அந்த ஓடிபி ரெண்டு தடவை போற பிரச்சினை என்ன ஆச்சு?” என்று கேட்டால், வேலைகளைக் கண்காணிக்கும் ஜிரா மென்பொருளில் அதற்கு டிக்கெட்டே, அதாவது வேலைப் பதிவே, இருக்காது.

கூட்டத்தில் பேசியதைத் தானாகவே டிக்கெட்டாக மாற்றும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒலிப்பதிவு உள்ளே போகிறது. தலைப்பு, விவரம், பொறுப்பாளர், கெடு எல்லாம் நிரப்பிய டிக்கெட் வெளியே வருகிறது. பேச்சை எழுத்தாக்குவதுதான் இதில் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடினம்தான். ஆனால் மேலே சொன்ன மூன்று சொற்களின் கடைசி எழுத்துகளைச் சரியாகப் புரிந்துகொள்வது அதைவிடக் கடினம்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். பேச்சை எழுத்தாக்க ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் நல்ல எடுத்துக்காட்டு. யார் வேண்டுமானாலும் அதை இறக்கித் தங்கள் கணினியில் ஓட்டலாம், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு அதைப் பயிற்றுவித்தார்கள். கூட்டத்தின் ஒலியை அது 30 விநாடித் துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் 25 மில்லிவிநாடி அகலமுள்ள ஒரு சன்னலை 10 மில்லிவிநாடி வீதம் நகர்த்திக்கொண்டே போய், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று 80 பட்டைகளாக அளக்கிறது. நம் காது கீழ்ச்சுருதியில் சின்ன வித்தியாசத்தையும் பிடிக்கும், மேலே போகப் போக அவ்வளவு துல்லியம் இருக்காது. பட்டைகளின் இடைவெளியும் அதே கணக்கில்தான். இப்படிக் கிடைக்கும் அளவுகள் ஒரு படம் மாதிரி ஆகின்றன. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நரம்பு வலையமைப்பு ஒவ்வொரு சொல்துண்டாக எழுதுகிறது.

எழுதத் தொடங்கும் முன் அது இன்னொன்றும் செய்கிறது. ‘இது எந்த மொழி’ என்று அந்தத் துண்டுக்கு ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுகிறது. 30 விநாடிக்கு ஒரே சீட்டு. நாம் பேசுவது எப்படி? “டெப்ளாய் பண்றதுக்கு முன்னாடி ஸ்டேஜிங்ல ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடலாம்.” இது தமிழா, ஆங்கிலமா? ஆங்கிலம் என்று சீட்டு விழுந்துவிட்டால், வாக்கியமே ஆங்கிலமாகிவிட வாய்ப்புண்டு. பொருள் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் ‘பண்ணிடலாம்’, ‘பண்ணிடுறோம்’ இரண்டும் ஒரே ‘வீ வில்’ ஆகிவிடலாம். நமக்குத் தேவையான செய்தி அந்த இடத்திலேயே கரைந்துபோகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பேச்சில் நீண்ட மௌனம் வந்தால், விஸ்பர் சில சமயம் யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தானாக எழுதிவிடும். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் 1 விழுக்காட்டில் இப்படி இல்லாத சொற்றொடர்கள் முளைத்ததைக் கண்டது. சாதாரணக் குறிப்பில் இது சின்னப் பிழையாகப் போய்விடும். டிக்கெட்டாக மாறும் குறிப்பில், யாரும் கேட்காத வேலை ஒருவர் தலையில் விழும்.

யார் பேசினார்கள் என்பது விஸ்பருக்குத் தெரியாது. அதற்குத் தனி வலையமைப்பு வேண்டும். அது ஓரிரு விநாடிக் குரலை எண்களின் வரிசையாக மாற்றுகிறது. ஒரே ஆளின் குரல் தரும் எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழும், மற்றவருடையவை தள்ளி விழும். நெருக்கமானவற்றைத் திரட்டினால் ‘பேச்சாளர் 1’, ‘பேச்சாளர் 2’ கிடைத்துவிடும். எல்லோரும் வீட்டிலிருந்து தனித்தனி மைக்கில் பேசினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இருக்காது. ஆறு பேர் ஓர் அறையில் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் ஆரம்பித்தால்தான் திண்டாட்டம்.

சரி, எழுத்து கையில் இருக்கிறது, பெயர்களும் இருக்கின்றன. இதைப் பெரிய மொழி மாதிரி (லார்ஜ் லாங்குவேஜ் மாடல், சாட்ஜிபிடியை இயக்குவது போன்றது) ஒன்றிடம் கொடுத்து, ‘இதில் யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார்கள்?’ என்று கேட்கிறோம். பதில் கட்டுரையாக வந்தால் ஜிராவுக்குப் புரியாது, நிரல்கள் படிக்கும்படி கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதும் ஜேசான் வடிவில் வர வேண்டும். அதற்கு ஓர் அழகான உத்தி இருக்கிறது. மாதிரி ஒவ்வொரு சொல்துண்டையும் தேர்ந்தெடுக்கும்போது, வடிவத்தை மீறும் துண்டுகளின் நிகழ்தகவைச் சுழியமாக்கிவிடுகிறார்கள். தேதி வர வேண்டிய இடத்தில் தேதியைத் தவிர வேறு எதையும் அதனால் எழுத முடியாது.

வடிவம் சரியாக இருந்தால் உள்ளடக்கமும் சரி என்று ஆகாது. ‘பொறுப்பாளர்’ கட்டத்தைக் கட்டாயமாக்கினால், யாரும் ஒப்புக்கொள்ளாத வேலைக்கும் மாதிரி ஒரு பெயரைப் போட்டுத்தான் தீரும். காலியாக விட அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். இந்தச் சின்ன அமைப்பை மறந்ததால் எங்கள் குழுவில் ஒருமுறை, கூட்டத்தில் அதிகம் பேசிய ஒருவர் பெயரில் ஏழு டிக்கெட்டுகள் குவிந்தன. பாவம், அவர் கேள்விகள்தான் கேட்டிருந்தார்.

இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘பார்’ என்ற ஒரே வினையை எடுங்கள். “பார்த்துக்கிறேன்” என்றால் பொறுப்பு என்னுடையது. “பார்க்கிறேன்” என்றால் முயல்கிறேன், உறுதி இல்லை. “பார்க்கலாம்” என்றால் பல சமயம் மரியாதையான மறுப்பு. விகுதியிலேயே ஆள் இருக்கிறார் அல்லது இல்லை. ‘-ஏன்’ என்று முடிந்தால், உறுதி கூடக் குறைய இருந்தாலும், ஆள் பேசியவர்தான். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மாதிரிகூடத் தேவையில்லை. ‘-ஓம்’ என்று முடிந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். “நாங்க பண்ணிடுறோம்” என்றால் கேட்பவர் சேர்த்தி இல்லை, பேசுபவரின் அணி மட்டும் ஏற்கிறது. “நாம” என்றால் கேட்பவரும் சேர்த்தி. ஆங்கிலத்தின் ‘வீ’யில் இந்தப் பிரிவு இல்லை. ஆனால் பேச்சில் நாம் ‘நாங்க’, ‘நாம’ இரண்டையும் விட்டுவிட்டு வெறுமனே “பண்ணிடுறோம்” என்போம், அப்போது தமிழிலும் குழப்பம்தான். எனவே மூல ஒலியைத் தமிழாகவே எழுத்தாக்கி, விகுதி சிதையாமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்புங்கள் என்று இதைக் கட்டும் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். சுருக்கம் வேண்டுமானால் அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இந்தச் சிக்கலுக்கு, செயற்கை நுண்ணறிவு இல்லாமலேயே விடை கண்டவர்கள் உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் குழுக்கள் குரலில் பேசும்போதே ஐஆர்சி என்ற எழுத்து அரட்டையில் ஒருவர் குறிப்பெழுதுவார். அங்கே ஸேகிம் என்ற பாட் (தானாக இயங்கும் சிறு நிரல்) அடுத்துப் பேச வேண்டியவர்களின் வரிசையைக் கவனிக்கும். ஆர்ஆர்எஸ்ஏஜென்ட் என்ற பாட் எல்லாவற்றையும் பதிவு செய்யும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்துக்காக எழுதப்பட்ட மீட்பாட் இன்னும் எளிது. ‘#ஆக்‌ஷன்’ என்று தட்டி, ஆளின் பெயரையும் வேலையையும் எழுதினால் போதும். கூட்டம் முடிந்ததும் வேலைகளை ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது, இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கான டபிள்யூ3சி பணிக்குழுவின் பாட். எந்தக் கிட்ஹப் இஷ்யூவை (கிட்ஹப் என்ற நிரல் தளத்தில் டிக்கெட்டுக்கு இதுதான் பெயர்) பற்றிப் பேசுகிறார்கள் என்று அதன் முகவரியை அரட்டையில் இடுகிறார்கள். ‘தீர்மானம்’ என்று குறித்து முடிவை எழுதுகிறார்கள். தலைப்பு மாறியதும் பாட் அந்த இஷ்யூவின் கீழே கருத்தாகப் போடுகிறது: மேலே தீர்மானம், அடியில் மடித்துவைத்த முழு உரையாடல். இன்றைக்கு ஒரு சிஎஸ்எஸ் விதி ஏன் இப்படி இருக்கிறது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், யார் என்ன வாதம் வைத்தார் என்பதைத் திறந்து படிக்கலாம். முடிவோடு காரணமும் சேர்ந்தே பயணிக்கிறது. இன்றைய தானியங்கிக் கருவிகள் பலவும் முடிவை மட்டும் பிடுங்கிக்கொண்டு காரணத்தைக் கீழே போட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டிக்கெட்டை உருவாக்கும் கடைசிக் கட்டத்தில் மர்மம் குறைவு. எழுத்து தயாரானதும் கூட்டக் கருவி நம் சர்வரின் கதவைத் தட்டுகிறது, இதற்கு வெப்ஹுக் என்று பெயர். முகவரி தெரிந்த யாரும் தட்டலாம் என்பதால், இரு தரப்புக்கும் மட்டும் தெரிந்த ரகசியத்தைக் கொண்டு கணக்கிட்ட கையொப்பத்தையும் சேர்த்து அனுப்புவார்கள். அப்புறம் நம் நிரல் கிட்ஹப்பின் ஏபிஐக்கு, அதாவது மற்ற நிரல்கள் அதோடு பேசும் வாசலுக்கு, கோரிக்கை அனுப்பும். இஷ்யூ உருவானால் 201 என்ற எண் திரும்பி வரும்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று: நம் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், பல சேவைகள் மறுபடியும் தட்டும். அதே வேலைக்கு இரண்டு டிக்கெட் பிறக்கும். கூட்டத்தின் அடையாள எண்ணையும் அந்த வாக்கியம் தொடங்கிய விநாடியையும் சேர்த்து ஒரு சாவி செய்து சேமித்துவைத்தால், இரண்டாவது தட்டலைப் புறக்கணிக்கலாம். அந்தச் சிக்கலுக்குப் போன மாதமே டிக்கெட் இருந்தால் இந்தச் சாவி உதவாது. அப்போது பொருளால் நெருங்கிய பழைய டிக்கெட்டைத் தேடி அதில் கருத்தைச் சேர்க்க வேண்டும், சிஎஸ்எஸ் குழு செய்வது போல.

இப்போது எங்கள் குழுவில் பாட் நேரடியாக டிக்கெட் போடுவதில்லை. கூட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது வரைவுப் பட்டியலைத் திரையில் காட்டுகிறது. ‘-ஏன்’ என்று முடிந்தவற்றில் பெயர் இருக்கும், ‘-லாம்’ என்று முடிந்தவற்றில் பொறுப்பாளர் கட்டம் காலியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தப் பேச்சின் ஒலித்துண்டு. காலிக் கட்டத்தைப் பார்த்து யாராவது “நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்னால் அது நிரம்புகிறது. யாரும் சொல்லாதது வரைவாகவே நிற்கிறது. அடுத்த கூட்டத்தின் முதல் தலைப்பு அதுதான்.