வெட்டுவது வலது கை, வெட்டுப்படுவது இடது கை

திங்கட்கிழமை காலை எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். சனி, ஞாயிறில் மலைப்பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தவர்கள். இடது கை விரலில் பிளாஸ்திரி இருக்கும். "சின்ன வெட்டுதான் டாக்டர்" என்று ஆரம்பிப்பார்கள். நான் கை அறுவை சிகிச்சை மருத்துவர். விடுமுறை கிடைத்தால் நானும் மலையேறுகிறவன்தான். அதனால் கத்தியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

ஒரு இளைஞர் வந்தார், மென்பொருள் வேலை. நண்பரின் காபித் தோட்டத்தில் முகாம். நைலான் கயிற்றில் விழுந்த முடிச்சு அவிழவில்லை. கயிற்றை இடது கையில் இறுக்கிப் பிடித்து, மடக்குக் கத்தியைத் தன் பக்கமாகவே இழுத்திருக்கிறார். கத்தி மழுங்கல். அறுபடவில்லை என்று இன்னும் அழுத்த, கயிறு படக்கென்று அறுந்தது. அத்தனை வேகமும் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. காயம் 1 சென்டிமீட்டர்கூட இல்லை. ரத்தமும் சீக்கிரமே நின்றுவிட்டது. மேல் தோல் நன்றாக ஆறிவிட்டது. விரல் மட்டும் மடங்கவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று வாரம் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

உள்ளே நடந்தது இதுதான். கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள். ஒன்று நடு மூட்டை மடக்கும், இன்னொன்று நுனி மூட்டை. இரண்டும் ஒரு குறுகலான குழாய்க்குள் ஒன்றையொன்று உரசியபடி ஓடுகின்றன. அறுந்தால் அதே இடத்தில் நிற்காது. முழங்கையிலிருந்து வரும் தசை சும்மா விடுமா? உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பாவாடை நாடா உள்ளே போய்விட்டால் ஊக்கு மாட்டித் தேடுவோமே, ஏறக்குறைய அந்த வேலைதான் எங்களுக்கு. ஓரிரு நாளில் வந்தால் இழுத்துத் தைத்துவிடலாம். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் நாண் சுருங்கி, குழாயும் ஒட்டிப்போய், வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டவேண்டி வரும், சில சமயம் இரண்டு கட்ட அறுவை சிகிச்சையாக. நேரத்தோடு தைத்தாலும் ஏறக்குறைய ஆறு வாரம் கட்டு. பாரம் தூக்க மூன்று மாதம் ஆகும்.

மூன்றாவது முறை வந்தபோது அந்தக் கத்தியையும் கொண்டுவரச் சொன்னேன். மருந்துச் சீட்டை அந்தரத்தில் பிடித்து அதன் ஓரத்தில் கத்தியை வைத்து இழுத்தேன். வெட்டவில்லை, கிழித்தது. வாங்கி நான்கு வருடம், ஒருமுறைகூடத் தீட்டியதில்லையாம். "ரொம்பக் கூரா இருந்தா ஆபத்துன்னு நினைச்சேன்" என்றார். கூரான கத்தி சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்குப் போகும். மழுங்கிய கத்தியை நாம் பலம் கொடுத்துத் தள்ளுகிறோம், அது வழுக்கியதும் அந்தப் பலம் எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. அல்லது நம் கையில்தான் இருக்கிறது!

தீட்டுவது பெரிய வித்தை இல்லை. இருபுறமும் பயன்படும் தீட்டுகல் ஒன்று போதும். ஒரு பக்கம் சொரசொரப்பான 400 எண், மறுபக்கம் மென்மையான 1000. தண்ணீர்க்கல் என்றால் நன்றாக நனைத்து, அடியில் ஈரத்துணி போட்டு நகராமல் வையுங்கள். கோணம்தான் முக்கியம், சுமார் 20 டிகிரி. அளக்க எளிய வழி உண்டு. கத்தியின் அகலம் 3 சென்டிமீட்டர் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கவேண்டும். அந்த உயரத்தை மாற்றாமல், கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பதுபோல அடியிலிருந்து நுனிவரை தள்ளுங்கள். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்து விளிம்பில் பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி வெளியே தடவிப் பார்த்தால் சொரசொரப்பாகத் தட்டும். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள். பிசிறு முழு நீளத்துக்கும் வந்தபின் கத்தியைத் திருப்பி மறுபக்கம். பிறகு 1000-ல் அதே வேலை, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு. தாளை வைத்துப் பாருங்கள். முடியைச் சிரைத்துப் பார்க்கும் வீரம் தேவையில்லை.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் வீட்டுக் கத்தியைத் தாராளமாகக் கொடுக்கலாம். நல்ல முகாம் கத்தி என்றால் நான் கொடுப்பதில்லை. உலர்ந்த சக்கரத்தில் வேகமாகப் பிடிக்கும்போது விளிம்பு சூடேறி நீலம் பூத்துவிட்டால், எஃகின் பதம் போயிற்று. அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

பிடிக்கும் முறைக்கு வருவோம். தேங்காய் மூடியை உள்ளங்கையில் வைத்துக் கத்தி முனையால் பத்தை நெம்புவது நம் ஊருக்கே உரிய விபத்து. முனை வழுக்கி நேராக உள்ளங்கைக்குள் இறங்கும். மூடியைத் தரையிலோ பலகையிலோ வைத்து நெம்புங்கள், கத்திக்குப் பதில் கரண்டிக் காம்பால். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் குத்தவோ நெம்பவோ கூடாது. முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரல்மேல் மூடிக்கொள்ளும். பாறையில் உட்கார்ந்து குச்சி சீவும்போது முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, கத்தி உடம்புக்கு வெளியே போகும்படி சீவுங்கள். மடியில் வைத்துச் சீவவே கூடாது. தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அது அறுந்தால் சாலைவரை தூக்கிவர நேரம் இருக்காது. கத்தி கைதவறினால் பிடிக்கப் பாயாதீர்கள், காலை இழுத்துக்கொண்டு விழ விடுங்கள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று என் பாட்டி கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார். சண்டை வருமோ வராதோ, முகாமில் அதையே செய்யுங்கள்.

எடுத்துப்போவதில் சட்டமும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லின் விளக்கத்துக்குள் கத்தியும் வருகிறது. அதன் 31-ஆம் பிரிவின்படி, எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது. ஆகவே முதுமலை, ஆனைமலை, களக்காடு போன்ற இடங்கள் என்றால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வழிகாட்டியிடம் என்ன இருக்கிறதோ அது போதும். படைக்கல விதிகளோ, வீட்டு, விவசாய வேலைக்கென்று செய்யப்படாத, வெட்டும் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்தியைப் படைக்கல வகையில் சேர்க்கின்றன. சினிமா நாயகன் கத்தி எதற்கு? 4 அங்குல அலகு எல்லா முகாம் வேலைக்கும் போதும். உறைக்குள் போட்டு, பைக்குள் எளிதில் எட்டும் இடத்தில் வையுங்கள், கால்சட்டைப் பையில் வேண்டாம். விமானத்தில் போனால் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் போடவேண்டும். திரும்பி வந்ததும் தோலுறையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தனியாக வையுங்கள். ஈரத்தோல் இரும்பைத் தின்றுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு வெட்டுப்பட்டால்? சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள், நடுவில் நடுவில் திறந்து பார்க்காமல். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுப்பதற்கே எங்களுக்கு அரைமணி நேரம் ஆகிறது. விரலைச் சுற்றி நூலோ ரப்பர் வளையமோ கட்டவும் வேண்டாம்.

ரத்தம் நின்றதும் இரண்டு சோதனை. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கிப் பாருங்கள், நுனி மூட்டையை மறக்காமல். பிறகு விரல் நுனியின் இரு பக்கங்களையும் பஞ்சால் தொட்டு, ஒன்றுபோல் உணர்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் நரம்பு போயிருக்கலாம், மடங்காவிட்டால் நாண். இரண்டில் எது தவறினாலும், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், முகாமை அன்றே முடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், மண்பட்ட காயத்துக்கு அதையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

விரலே துண்டாகிவிட்டால், அந்தத் துண்டைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். துண்டு நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது, உறைந்தால் ஒட்டவைக்க முடியாது. துண்டான நேரத்தைப் பையின்மேல் எழுதி, காயம்பட்டவரோடு அதே வண்டியில் அனுப்புங்கள்.