எங்காலை வெட்டுவாங்கள்?

கனடாவிலிருந்து வந்து நின்ற சொந்தக்காரப் பிள்ளை உள்ளே பை வைத்து மார்பைப் பெரிதாக்கிக்கொண்ட கதை விசுவமடுவில் எங்கள் வளவு வரைக்கும் வந்துவிட்டது. ஊர் அதை வைத்து ஆயிரம் பேச, மாமி விறகு கொத்திக்கொண்டே கேட்டது ஒன்றுதான்: "அதுசரி மோனை, அந்தப் பையை எங்காலை உள்ளுக்க விடுறவங்கள்?"

எந்த வழியால் உள்ளே விடுவது, மாமி கேட்டதுதான் கேள்வி. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குரோனின், ஜெரோ என்ற இரண்டு மருத்துவர்கள் முதல் சிலிக்கோன் பையை வைத்த நாளிலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் வெட்டுவது மார்புக்கு அடியில் இருக்கிற மடிப்பில், சிலிக்கோன் ஜெல் நிரப்பிய பை என்றால் ஏறக்குறைய 4 அல்லது 5 சென்ரிமீற்றர். பாலைக் கட்டையை நார் ஓடுகிற போக்கில் கொத்தினால் பிளக்கும், குறுக்கே கொத்தினால் கோடரிதான் துள்ளும், இது மாமிக்குத் தெரியும். தோலுக்கும் அப்படியொரு போக்கு உண்டு. வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்று அறிஞர் பிணங்களின் தோலில் வட்டமான ஊசியால் குத்திப் பார்த்தபோது, துளைகள் வட்டமாக நிற்காமல் ஒரு பக்கமாக இழுபட்டு நீண்டுவிட்டன; 1861இல் அதை எழுதிவைத்தார். அந்தப் போக்கோடு வெட்டினால் தழும்பு மெல்லிசாக ஆறும். ஆனால் பை போனதும் மடிப்பே கீழே இறங்கிவிடலாம், அதனால் புது மடிப்பு எங்கே வரும் என்று ஆளை நிமிர்த்தி வைத்தே பேனையால் கீறிக்கொள்கிறார்கள், படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடும்.

முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டினால் இரண்டு நிறத்துக்கும் நடுவில் தழும்பு ஒளிந்துகொள்ளும். அழகுதான், ஆனால் கத்தி போகிற வழியில் பால் குழாய்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் கிருமிகளும் குடியிருக்கின்றன. வெளியிலிருந்து வந்த எதையும் உடம்பு ஒரு சவ்வால் மூடிக் கட்டிவிடும். ஷெல் துண்டோடு நடமாடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை, அந்தத் துண்டைச் சுற்றியும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. பையில் கிருமி ஒட்டினால் அந்தச் சவ்வு தடித்து, இறுகி, மார்பைக் கல்லாக்கிவிடலாம். இதனால்தான் சிலர் கேக்குக்கு ஐசிங் பிழிகிற பை மாதிரியான ஒரு கூம்புக்குள் அதைப் போட்டு, தோலில் படாமல் பிதுக்கி விடுகிறார்கள்.

கமக்கட்டால் விட்டால் மார்பில் தழும்பே இல்லை, கையில்லாத சட்டை போட்டால் மட்டும் தெரியலாம். ஆனால் வேலை நடக்கிற இடம் தூரம், உள்ளே கமரா விட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு.

தொப்புளாலும் விடலாம் என்றதும் மாமி கோடரியைக் கீழே வைத்துவிட்டா. உப்புத் தண்ணிப் பைக்கு மட்டும்தான் அது சரிவரும், ஏனென்றால் வெறும் பையைச் சுருட்டிக் குழாய் வழியே மேலே தள்ளிவிட்டுப் பிறகு நிரப்பலாம், ஜெல் பை ஏற்கெனவே நிரம்பியது. உள்ளே இரத்தம் கசிந்தால் அந்த வழியால் எட்டிப் பிடிப்பதும் கஷ்டம், மார்பில் இன்னொரு வெட்டுப் போட வேண்டிவரும்.

"அப்ப ஒருக்கா வைச்சா முடிஞ்சுதோ?"

இல்லை மாமி. இந்தப் பைகள் ஆயுசுக்கும் நிற்பதில்லை, கழற்றவோ மாற்றவோ வேண்டிவரும்போது மடிப்பில் வெட்டியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பழைய தழும்பையே திரும்பத் திறக்கிறார்கள்.