நடக்கச் சொல்கிறோம், எங்கே நடப்பது?

"தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்லாத மருத்துவர் தருமபுரியில் இருக்க மாட்டார். சர்க்கரைக்கும் அதுதான், ரத்த அழுத்தத்துக்கும் அதுதான், முட்டிவலிக்கும் அதுதான். இயன்முறை மருத்துவம் பார்க்கிற நானும் நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கே நடப்பது என்பதை மட்டும் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை.

பென்னாகரம் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அறுபது வயதுக்காரர் ஒருவர் நடந்து பார்க்கட்டும். நிறுத்தி வைத்த பைக், கடை வாசலில் இறக்கிய மூட்டை, பெயர்ந்து கிடக்கும் சாக்கடை மூடி என்று ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு பத்தடிக்கு ஒரு முறை தார் ரோட்டில் இறங்க வேண்டும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். இரண்டு நாள் போவார், மூன்றாம் நாள் மொட்டை மாடியில் எட்டு போட ஆரம்பிப்பார். ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, "நடக்கறதுக்கு எங்க சார் இடம்?" என்பார். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள், 54.4 சதவீதம் பேர், போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு தகவல். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ செய்கிறவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் அப்பா, தாத்தா யாரும் வாக்கிங் போனதில்லை. காட்டுக்குப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோடு வரை நடந்தார்கள். உடம்பு அந்தப் போக்குவரத்திலேயே அசைந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அந்த நடை போய்விட்டது, அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் வேகமாகப் போக 10 நிமிடம், திரும்பி வர 10 நிமிடம், வாரத்தில் 6 நாள் என்றால் 120 நிமிடம் ஆகிவிட்டது. இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், விலை உயர்ந்த ஷூவும் வேண்டாம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் அறிவித்ததைப் பணம் மிச்சமாகும் திட்டமாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு பெண் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு பஸ் நிறுத்தம் வரை நடக்கிறார் என்றால் என் கணக்கில் அது மருத்துவத் திட்டம். ஆனால் அந்த நிறுத்தத்தில் நிழல் இருக்க வேண்டும், போகிற வழியில் விளக்கு எரிய வேண்டும். ஏழு மணிக்கு மேல் இருட்டுச் சந்து வழியாக வர வேண்டியிருந்தால் "வண்டிய எடுத்துட்டு வாடா" என்று மகனுக்குத்தான் போன் போகும்.

பெரியவர்களுக்கு நடை குறைந்தால் சர்க்கரை ஏறும், எடை ஏறும். குழந்தைகளின் விஷயம் வேறு, அவர்களுக்கு வர வேண்டிய திறமையே வராமல் நின்றுபோகும்.

அடிக்கடி விழுகிறான் என்று ஐந்து வயதுப் பையன்களை அழைத்து வருகிறார்கள். அப்படி வந்த ஒருவனைச் சொல்கிறேன். நரம்பு, தசை, பாதம் எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு எதுவும் இல்லை. ஒற்றைக் காலில் நில் என்றேன். இரண்டு விநாடியில் அடுத்த கால் தரைக்கு வந்துவிட்டது. அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் பத்து விநாடி நிற்பார்கள், நொண்டியடித்து நாலு அடி போவார்கள். கடைசிப் படியிலிருந்து குதிக்கச் சொன்னால் அம்மாவின் கையைத் தேடினான். எங்கே விளையாடுவான் என்று கேட்டேன். "வெளிய விடறதே இல்லைங்க சார். வாசல்ல கால் வெச்சா வண்டிதான்" என்றார் அம்மா. மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்தவர்கள் எல்லாம் புகுந்து போகிற குறுக்குச் சந்தில் வீடு. பள்ளிக்கு வேன், வந்ததும் செல்போன், அப்புறம் டியூஷன்.

நான் கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு நொண்டியடிப்பது. பாண்டி ஆட்டம்தான். அவன் பாட்டி பைசா செலவில்லாமல் தெருவில் கற்றுக்கொண்டதை நான் ஏசி அறையில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறேன். ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து இறங்கும்போது முட்டியை மடக்குவது, ஓடும்போது சட்டென்று திரும்புவது, எதிரே வருகிறவனின் வேகத்தைக் கண்ணால் அளப்பது எல்லாமே விளையாடி விளையாடி மூளையில் பதிகிறவை. எலும்பும் அப்படித்தான். குதிக்கிற, ஓடுகிற அதிர்வு இருந்தால்தான் அது கெட்டிப்படும், அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் முடிந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்தில் 1990களில் ஐந்து வயதுக் குழந்தைகளை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் தனியாக இறங்கி விளையாட முடிந்த குழந்தைகள் ஒரு பக்கம், போக்குவரத்துக்குப் பயந்து அப்படி விடப்படாத குழந்தைகள் இன்னொரு பக்கம். இரண்டாவது பிரிவினர் உடல் இயக்கத்திலும் பழகுவதிலும் சொந்தக் காலில் நிற்பதிலும் பின்தங்கியிருந்தார்கள். பெற்றோர் பூங்காவுக்கு அழைத்துப் போனாலும் அது வாசல் விளையாட்டுக்கு ஈடாகவில்லை என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. நியாயம்தானே? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூட்டிப்போவதும் தினமும் மூன்று முறை வாசலில் இறங்குவதும் ஒன்றாகுமா? 5 முதல் 17 வயதுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட இயக்கம் தேவை. பள்ளி வேனுக்குள் உட்கார்ந்து அதைச் சம்பாதிக்க முடியாது.

இன்னொரு பக்கம் முதியவர்கள். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் சிலருக்குப் பல்லில் கறையோடு போகவில்லை, முதுகெலும்பும் மூட்டும் இறுகிவிட்டன. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க அவர்களால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, நின்று உடம்போடு திரும்பித்தான் பார்க்க வேண்டும். சாக்கடை மேல் ஸ்லாப் போட்டு, இதுதான் நடைபாதை என்கிறார்கள். சில இடங்களில் அந்த ஸ்லாப் ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. இறுகிய முட்டியோடு ஒரு பாட்டி அதில் எப்படி ஏறுவார்? கீழேதான் நடப்பார். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். 15 சென்டிமீட்டர் என்றால் நம் வீட்டுப் படி உயரம்தான். புதிதாகச் சட்டம் போடச் சொல்லவில்லை, இருக்கிற அளவில் கட்டினால் போதும்.

வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் உடனே ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வேகத்தடை முளைக்கும். அதற்கும் அளவு உண்டு: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்மூரில் பல தடைகள் ஒரு அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து அதில் தூக்கிப் போட்டு வாங்கிய முதுகுவலியோடு வருகிறவர்களால் எனக்கு வருமானம், அவ்வளவுதான்.

வெளிநாட்டு நகரத் திட்டங்களை அப்படியே இங்கே இறக்கச் சொல்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. 10 நாடுகளில் 14 நகரங்களை ஒப்பிட்டு 2016இல் வந்த ஓர் ஆய்வு, நடக்க மிகத் தோதான பகுதிகளில் வசிப்பவர்கள், மிகக் குறைவாகத் தோதான பகுதிகளில் வசிப்பவர்களைவிட வாரத்துக்கு 68 முதல் 89 நிமிடம் வரை கூடுதலாக இயங்குகிறார்கள் என்றது. வீடுகள் நெருக்கமாக இருப்பது, தெருக்கள் அடிக்கடி சந்திப்பது, பக்கத்தில் பஸ் நிறுத்தம், எட்டும் தூரத்தில் பூங்காக்கள் ஆகிய நான்கும் அதற்குத் துணையாக இருந்தன. இதில் முதல் இரண்டும் தருமபுரியின் பழைய தெருக்களில் ஏற்கெனவே இருக்கின்றன. மளிகை, மருந்துக்கடை, கோவில் எல்லாம் கூப்பிடு தூரம். நமக்குக் குறை அங்கே இல்லை. நான்கு ரோடு சந்திப்பில் உயிரைக் கையில் பிடிக்காமல் எதிர்ப்பக்கம் போக முடிய வேண்டும், அதுதான் தேவை. கோளாறு பெரிதாக இருப்பது ஊருக்கு வெளியே வருகிற புது மனைப்பிரிவுகளில். "பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்" என்று விளம்பரம் செய்வார்கள், பைக்கில் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டும்.

அந்த மனைப்பிரிவுகளிலேயே ஒரு வழியும் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் கட்டட விதி. பல இடங்களில் அந்த நிலம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாடு கட்டும் இடம். மனை வாங்கும்போது கொடுத்த அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், பூங்கா என்று குறித்த இடம் அதில் இருக்கும். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள், நகராட்சி என்றால் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனுவைப் பதிவு செய்யலாம். "எங்கள் பகுதிக்குப் பூங்கா வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பரிசீலிக்கப்படும் என்ற பதிலோடு நின்றுவிடும். சர்வே எண்ணையும் வரைபட நகலையும் சேர்த்துக் கொடுங்கள், அப்போது யாராவது வந்து அளந்து பார்த்தே ஆக வேண்டும். பூங்காவுக்கு நிதி இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை. முள்ளை வெட்டி, தரையைச் சமன்படுத்தி, ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்தால் போதும், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.